மாப்பிள்ளை பெயர் மூன்று

கருவேலங்குறிச்சிக் கடைத்தெருவில் காரக்கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அப்பளம் போடுகிறவர்களுக்கு அப்பளக்காரம், நகைப்பட்டறைக்கு நவச்சாரம், சாயப்பட்டறைக்கு மயில்துத்தம், சவரக்கடைக்குப் படிகாரம் எல்லாம் அங்கேதான். கடை முதலாளிகள் நான்கு அண்ணன் தம்பிகள். மூத்தவர் தவசிமுத்து, அடுத்தவர் சிதம்பரக்கனி, மூன்றாவது தங்கப்பழம், கடைசி அழகுவேல். நால்வரும் தங்கமான மனிதர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடி செய்வார்கள். தொல்லையே அதுதான்.

எனக்கு எதிர்க்கடை. பிளாஸ்டிக் வாளி, குடம் வியாபாரம். கடவுள் புண்ணியத்தில் எனக்கு மூளை கொஞ்சம் வேலை செய்யும். அதனால் இவர்களைப் பார்த்துச் சிரிப்பதே எனக்குப் பாதிப் பொழுது.

ஒரு தடவை கடைக் கதவுக்கு வர்ணம் அடித்தவர், "காயுற வரைக்கும் கதவைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நால்வரும் அப்போது கதவுக்கு உள்ளே இருந்தார்கள். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தால்தானே தெரியும்? தொடக் கூடாதே. இரண்டு நாள் ஜன்னல் வழியாக நான்தான் இட்லி கொடுத்தேன்.

இப்படிப்பட்ட கடைக்கு ஒரு நாள் மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். மூன்று டின்களைத் திறந்து பார்த்தார்.

"மூணு டின்லயும் 'காரம்'னு எழுதியிருக்கு. மூணும் வேற வேற சரக்கு. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"நாக்குல வச்சுப் பார்ப்போம் சார்" என்றார் தவசிமுத்து.

அதிகாரி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்துப் பொறுமையாக விளக்கினார். மயில்துத்தத்தில் மயிலும் இல்லை, இறகும் இல்லை. இதெல்லாம் ஊரார் வைத்த வழக்குப் பெயர். முறைப்பெயர் அப்படியல்ல. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பெயரே சொல்லிவிடும்.

"தை இருபது, வெள்ளிக்கிழமை மறுபடி வருவேன். இந்தக் கடையில இருக்கற எல்லாத்துக்கும் முறைப்பெயர் இருக்கணும். வழக்குப் பெயர் ஒண்ணுகூட இங்க காதுல விழக் கூடாது. விழுந்தா லைசென்ஸ் ரத்து."

மறுநாளே வேடிக்கை தொடங்கியது. ஓர் அம்மாள் வந்து ஆப்பசோடா கேட்டார். நால்வரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்படி ஒரு சரக்கு இங்க கிடையாதும்மா" என்றார் சிதம்பரக்கனி.

"அந்தா இருக்கே, அந்த வெள்ளை டின்னு."

"அது சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட்டு."

"அதைப் போட்டா ஆப்பம் எழும்புமா?"

"ஆப்பத்துக்கு முறைப்பெயர் என்னன்னு தெரியாம அதைப் பத்தி நாங்க பேசப்படாது" என்றார் தவசிமுத்து.

அந்த அம்மாள் நேராக என் கடைக்கு வந்து அழாத குறையாகச் சொன்னார். பாவமாக இருந்தது. அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி நாலு பக்கம் மனப்பாடம் செய்தேன். அன்று முதல் வருகிறவர்கள் முதலில் என் கடையில் வழக்குப் பெயரைச் சொல்வார்கள். நான் முறைப்பெயரைச் சொல்லி அனுப்புவேன். நவச்சாரத்துக்கு அம்மோனியம் குளோரைடு, ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடிக்கு எத்தனாயிக் அமிலம். வாளி வியாபாரம் கொஞ்சம் படுத்தது. போகட்டும்.

டின்கள் எல்லாம் முடிந்த பிறகு அழகுவேலுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, கடையில இருக்கற எல்லாத்துக்கும்னு சொன்னாரே. நாமளும் கடையிலதான இருக்கோம்?"

மூவரும் திகைத்துப் போனார்கள். தவசிமுத்து எழுந்து வாசலுக்குப் போய், வெளியே நின்று உள்ளே பார்த்து, திரும்பி வந்தார். "ஆமா. உள்ளதான் இருக்கோம்."

"தவசிமுத்துங்கறது வழக்குப் பெயர்தானே?" என்றான் அழகுவேல்.

"ஊரார் கூப்பிடுதாங்க. அப்ப வழக்குதான்."

புத்தகத்தைப் புரட்டினார்கள். மனிதர்களுக்கென்று பக்கம் இல்லை. ஆனால் நாலும் ஐந்துமாக வரிசையில் கைகோத்து நிற்கிற சரக்குகளைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. வரிசைக்கு ஒரு முனையிலிருந்து எண் கொடு. நடுவில் எங்காவது கிளை முளைத்திருந்தால், கிளைக்குப் பக்கத்தில் இருக்கிற முனையிலிருந்து எண்ணு. அவ்வளவுதான் விதி. நால்வரும் கல்லாவுக்குப் பின்னால் கைகோத்து நின்றார்கள். தவசிமுத்து ஒன்று, சிதம்பரக்கனி இரண்டு, தங்கப்பழம் மூன்று, அழகுவேல் நான்கு. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா நொந்துவிட்டது.

ஆனால் தங்கப்பழத்துக்கு அது சிரிப்பாக இல்லை. அவனுக்கு முப்பத்துநாலு வயது. மூத்தவர்கள் இருவரும் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் வீட்டாரும் அதையேதான் சொன்னார்கள். தங்கப்பழம் மட்டும் ஆசையை விடவில்லை. அப்பளக் கம்பெனி பால்வண்ணன் மகள் செண்பகவடிவு காரம் வாங்க வரும்போதெல்லாம் ஐம்பது கிராம் கூடுதலாகப் போட்டு மூன்று வருஷம் காத்திருந்தான். அவளும் வேறு கடைக்குப் போனதில்லை. அந்தப் பால்வண்ணன் ஒருவழியாக மனம் இளகி, கல்யாணம் பேச அன்றைக்குத்தான் வந்து நின்றார்.

"தங்கப்பழம் எங்க?"

நால்வரும் காதைப் பொத்தினார்கள். தங்கப்பழம் கண்கலங்கப் பொத்தினான்.

தவசிமுத்து விஷயத்தை விளக்கினார். பால்வண்ணன் நிறைய யோசித்தார். லைசென்ஸ் போனால் மகள் பட்டினி கிடக்க வேண்டும். அவரும் காரியத்தில் கண்ணானவர்.

"சரி. பத்திரிகையில என்ன பேரு போட?"

"மூன்று."

"தேதி தை இருபதுதான் நல்லாருக்கு."

"அன்னிக்கு அதிகாரி வாறாரே, கடையை அடைக்க முடியாது மாமா."

"அப்ப கடையிலயே தாலியைக் கட்டிருவோம்."

பத்திரிகை அடித்து வந்தது. 'திருநிறைச்செல்வன் மூன்றுக்கும் திருநிறைச்செல்வி செண்பகவடிவுக்கும்' என்று மஞ்சள் எழுத்தில் இருந்தது. ஊரே வாங்கிப் படித்தது.

தை இருபது காலை. மூட்டைகளை ஓரம் தள்ளி, மாவிலை கட்டி, தரையில் நீளமாக ஒரு பலகை போட்டிருந்தார்கள். எண் மாறிவிடக் கூடாதே என்று நால்வரும் வரிசையாக அதில் உட்கார்ந்தார்கள். நாலு பேருக்கும் மாலை. முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. பத்து மணிக்குச் செண்பகவடிவை அழைத்து வந்தார்கள்.

"மாப்பிள்ளை பக்கத்துல உட்காரும்மா" என்றார் புரோகிதர்.

"பக்கத்துல கூடாது" என்று தடுத்தார் தவசிமுத்து. "வரிசையில உட்கார்ந்தா எங்க கூடப்பிறந்தவளா ஆயிருவா. எதிர்ல உட்காரட்டும். கிளையா இருக்கட்டும்."

அவள் தங்கப்பழத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் தாலியைக் கையில் எடுத்தான். அழகுவேல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கனைத்தான்.

"அண்ணே, கிளை முளைச்சிருச்சு. இனிமே கிளைக்குப் பக்கத்து முனையில இருந்து எண்ணணும். அது என் முனை. நான் ஒண்ணு. இவரு ரெண்டு."

"அப்ப மூணு யாரு?"

"சின்னண்ணன்" என்று சிதம்பரக்கனியைக் காட்டினான். சிதம்பரக்கனிக்கு வியர்த்துவிட்டது.

பத்திரிகையில் மூன்று என்று அடித்தாயிற்று. என்ன செய்வது? செண்பகவடிவை எழுப்பிச் சிதம்பரக்கனிக்கு எதிரே உட்கார வைத்தார்கள். உடனே கிளை தவசிமுத்து பக்கம் போய்விட்டது. அந்த முனையிலிருந்து எண்ணினால் சிதம்பரக்கனி இரண்டு, தங்கப்பழம் மூன்று. மறுபடி அவளைத் தங்கப்பழத்திடம் கொண்டுவந்தார்கள். அவன் மறுபடி இரண்டானான். அவள் யார் எதிரே உட்கார்ந்தாலும் அவர் இரண்டு. யாரை விட்டு எழுந்தாலும் அவர் மூன்று. ஏழு தடவை அங்குமிங்கும் போனதில் அந்தப் பெண்ணின் தலையில் இருந்த பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது.

மணி பத்து இருபது. தங்கப்பழம் தேம்பித் தேம்பி அழுதான்.

"மூணு வருஷமா காத்துக்கிடந்தேனே. பேசாம என்னை ரெண்டுன்னு வச்சுக்கிட்டு கட்டிக்கோயேன்."

"பத்திரிகையில இல்லாத ஆளுக்கு எப்படிக் கழுத்தை நீட்டுறது?" என்றாள் செண்பகவடிவு. அவளும் அழுதாள். அழுதுகொண்டே விரல்விட்டு எண்ணினாள். நாலு விரலை நீட்டி எண்ணி, பிறகு கட்டை விரலையும் நீட்டி எண்ணினாள்.

"நாலு பேருக்குள்ள கிளையோட மூணு கிடைக்காது. அஞ்சு பேரு இருந்தா இவர் நடுவுல வந்துருவார். எந்த முனையில இருந்து எண்ணினாலும் மூணுதான். அப்பா, நீங்க அந்த ஓரத்துல போய் உட்காருங்க."

"மாமா வரிசையில சேர்ந்தா நமக்குத் தம்பியாயிருவாரே" என்றார் சிதம்பரக்கனி.

"ஆகட்டும். ஒரு தம்பி கூடினா நமக்கு என்ன குறைஞ்சிரும்?" என்றார் தவசிமுத்து.

அறுபத்திரண்டு வயதுப் பால்வண்ணன் மாலை போட்டுக்கொண்டு அழகுவேலுக்கு அடுத்துத் தம்பியாக உட்கார்ந்தார். அந்தப் பக்கமிருந்து எண்ணினார்கள், மூன்று. இந்தப் பக்கமிருந்து எண்ணினார்கள், மூன்று. பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. உண்மையைச் சொன்னால், எதிர்வாசலில் நின்ற எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். மாலை போட்ட ஐந்து ஆண்களையும் எதிரே ஒரு பெண்ணையும் பார்த்தார். டின்களைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். ஐந்து பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

எல்லாம் முடிந்து பால்வண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். நால்வரும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க போனா நாங்க நாலு பேராயிருவோம். மூணு ரெண்டாயிருவான். உங்க பொண்ணு மூணுக்கு வாக்கப்பட்டவ. யோசிச்சுப் பாருங்க மாமா."

அவர் யோசித்துப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். வீட்டோடு மாப்பிள்ளை கேள்விப்பட்டிருப்பீர்கள், எங்கள் தெருவில் வீட்டோடு மாமனார். அப்பளம் கடையிலேயே காய்ந்தது. இதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் நான்தான்.

பங்குனியில் ஒரு நாள் மதியம் பால்வண்ணன் என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, ஒரு அரை மணி நேரம் என் இடத்துல நின்னுக்கிடுங்க. வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடி வந்துருதேன்."

இப்போது ஆனி பிறந்துவிட்டது. நின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன். போகத் தெரியாமல் நிற்கவில்லை. நான் நகர்ந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆவது? நேற்று என் மனைவி வந்து, நீங்கள் வீட்டுக்கு வரப்போகிறீர்களா இல்லையா என்று கேட்டாள். நானும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவள் எனக்கு அடுத்து நின்றால் வரிசை ஆறாகும். அப்போதும் தவசிமுத்து பக்கமிருந்து தங்கப்பழம் மூன்றுதான். அதனால் தாராளமாக வந்து நிற்கலாம் என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். சிலருக்கு எவ்வளவு விளக்கினாலும் ஏறாது.