ஒன்பது புள்ளிச் சிக்கு

"நீங்க செஞ்சது அநியாயம்."

வேதவல்லி டீச்சர் இதைச் சொன்னபோது நாச்சியாரம்மாவின் ஒரு கையில் காலி வாளியும் மறு கையில் துடைப்பமும் இருந்தன. ஆசிரமத்து மண் வாசலில் ஒன்பது புள்ளிச் சிக்குக் கோலம் பாலாகக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஆசிரமத்தின் குருவான நாச்சியாரம்மா காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

அது வேதவல்லி பழக்கிய பிள்ளைகள் போட்ட கோலம். டவுன் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வருஷம் தவறாமல் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியவள். தன் மகள் வயதுள்ள நாச்சியாரம்மாவைக் குருவாக ஏற்றுக்கொண்டதே ஓர் ஆசையால்தான். ஆசிரமம் மலைமேல் திறக்கப்போகும் புதுப் பள்ளி தன் பொறுப்பில் வர வேண்டும்.

அங்கே ஒரு வழக்கம். பள்ளிப் பொறுப்பு வேண்டும் என்பவர்கள் முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டும். இந்த முறை கோலம் என்று குரு சொல்லியிருந்தார். இன்று டிரஸ்டிகள் பார்க்க வருகிறார்கள்.

போட்டிக்கு நின்ற இன்னொருவன் சங்கரவேலு. பாவம், அவனுக்கே கோலம் போடத் தெரியாது. கோட்டை எங்கே வளைப்பது என்று பிள்ளைகளிடமே கேட்டுக்கொண்டிருப்பான். அவர்கள் போட்டதைக் கோழி கிளறியது என்று வேதவல்லி வாய்விட்டே கேலி செய்திருக்கிறாள்.

அதன் மேலும் குரு ஒரு வாளி ஊற்றியிருந்தார். அது ஒன்றுதான் ஆறுதல்.

வேதவல்லி பொரிந்து தள்ளினாள். இதற்காகவா ஒரு மாசமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்றாள். வயசுக்காவது மரியாதை வேண்டாமா என்றாள்.

"ஒரு இழை பிசகியிருந்தா காட்டுங்கம்மா."

"பிசகலை டீச்சர். அவங்க வர இன்னும் நேரமிருக்கு. பிள்ளைங்களைத் திரும்பப் போடச் சொல்லுங்க."

இவ்வளவுதானே என்று வேதவல்லி கைதட்டிக் கூப்பிட்டாள்.

பிள்ளைகள் கை நிறையக் கோலமாவோடு ஓடி வந்தார்கள். தரையைப் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை.

"டீச்சர், நீங்க இன்னும் கீறி வைக்கலையே," என்றாள் மாடத்தி.



தினமும் விடியுமுன் வேதவல்லி தனியாக வந்து, ஈரத் தரையில் ஈர்க்குச்சியால் முழுக் கோலத்தையும் மெல்லக் கீறி வைப்பாள். பிள்ளைகள் அந்தக் கீறலின் மேலேயே மாவை இழுத்துக்கொண்டு போவார்கள். தப்பு வரக்கூடாது, பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்றுதான் செய்தாள். அதைத் திருட்டு என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. டவுன் பள்ளியில் வினாவையும் விடையையும் பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்ததும் இதே நல்ல மனசோடுதான்.

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். சங்கரவேலுவின் பிள்ளைகள் மறுபடி புள்ளி வைத்தாயிற்று. கோடு எங்கோ போய் முட்டிக்கொண்டது. ஒருத்தி அதைக் குதிகாலால் தேய்த்துவிட்டு வேறு பக்கமாக வளைத்தாள். அவர்களுக்கு வாளித் தண்ணீர் ஞாபகமே இல்லை.

குரு துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி நீட்டினார்.

"இந்தாங்க டீச்சர். கீறிக் குடுங்க. அவங்க வந்துருவாங்க."

இத்தனை நேரம் இல்லாத கோபம் அந்தக் குரலில் இருந்தது.

வேதவல்லி வாங்கிக்கொண்டு குனிந்தாள். கைக்குப் பழகின கோலம். கண்ணை மூடிக்கொண்டே கீறிவிடலாம். பள்ளியும் கைக்கு வந்துவிடும்.

பிள்ளைகள் வட்டமாக நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோலமாவு அவர்கள் விரலிடுக்கில் கசிந்து விழுந்தது. இப்படித்தான் முப்பது வருஷமாக எத்தனையோ பிள்ளைகள் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கீழே கார் ஹாரன் கேட்டது.

ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்டாள்.

"மாடத்தி, முதல் புள்ளியை எங்க வைக்கலாம்? நீயே வையி."

மாடத்தி வெகுநேரம் யோசித்தாள். பிறகு வாசற்படிக்கு ஒட்டினாற்போல், தன் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அங்க வச்சா கோலம் படியில போய் முட்டுமே டீச்சர்," என்றது இன்னொரு பிள்ளை.

டிரஸ்டிகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"முட்டட்டும்," என்றாள் வேதவல்லி.