வாலுக்குள் போன சாப்பாடு

அந்தக் காலத்தில், பல்லியும் பாம்பும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கங்காரு நாட்டின் நடுவே உள்ள செம்பாறைப் பாலைவனத்தில் செம்பி என்றொரு பையெலி இருந்தாள். எலி என்றதும் தானியம் கொறிப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அசல் வேட்டைக்காரி. வெட்டுக்கிளி, சிலந்தி, வண்டு இவைதான் சாப்பாடு. கங்காருவைப் போல வயிற்றில் ஒரு சின்னப் பை, அதற்குள் குட்டிகள். வால் மட்டும் அப்போது காய்ந்த புல் மாதிரி ஒல்லியாக இருந்தது.

பாறைச் சனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலில் வந்து நின்றவருக்கு, வீட்டுக்குள் இருப்பதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும். அவர் உண்டு முடித்த பிறகுதான் வீட்டுக்காரி வாயில் வைக்கலாம். நல்ல வழக்கம்தான், வருகிறவன் நல்லவனாக இருந்தால்.

செம்பிக்கு வாய்த்தவன் கொழுந்தன் ஓட்டன். அவள் புருஷன் செத்தபோது துக்கம் விசாரிக்க வந்தவன், இன்னும் விசாரித்துக்கொண்டே இருந்தான். அவள் வெயிலில் அலைந்து வேட்டையாடிப் பாறை வெடிப்புக்குள் கொண்டுவந்து போட்டதும், எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, வாசலில் வந்து நிற்பான்.

"அண்ணி, சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

"சும்மா வந்தவரு சும்மாவே போகலாமே தம்பி."

"நல்லாத்தான் பேசறீங்க" என்று சிரித்தபடி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவான். வெட்டுக்கிளியைத் தின்றுகொண்டே, கால் கொஞ்சம் முற்றிப்போச்சு என்று குறை வேறு சொல்வான். மிச்சமாகும் இறக்கைகளை அவள் மென்று விழுங்குவாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பூச்சிகள் அற்றுப்போயின. செம்பிக்குப் பால் வற்றியது. பைக்குள் குட்டிகள் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிணுங்கின. பிறகு சிணுங்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. வெடிப்பின் மூலையில் கடைசியாக ஒரு குவியல் வண்டுகள் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிவின் கீழே ஓட்டன் பாடிக்கொண்டு வருவது கேட்டது.

செம்பிக்குப் பொறுமை போய்விட்டது. பாறைச் சனங்களில் அதுவரை யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். விருந்தாளி வாசலுக்கு வருமுன், அத்தனை வண்டுகளையும் தானே தின்று தீர்த்தாள். பையில் குட்டிகள் நெருக்கியதால் வயிற்றில் இடம் போதவில்லை. தின்றது முழுக்கப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் வாலில் இறங்கியது. வால் முள்ளங்கி மாதிரி பருத்துவிட்டது.

ஓட்டன் உள்ளே வந்து மூலை முடுக்கெல்லாம் தேடினான். பிறகு வாலைப் பார்த்தான்.

"வீட்டுக்குள்ள இருக்கறது விருந்தாளிக்குத்தானே அண்ணி? அந்த வாலும் வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

அடுத்த வெடிப்பிலிருந்து பல்லி தலையை நீட்டியது. கேட்காமலே நியாயம் சொல்வது அதன் பழக்கம். "அவர் சொல்றது சரிதான் செம்பி. வழக்கம்னா வழக்கம். கழற்றிக் கொடுத்துடு. நான் எத்தனையோ தடவை கொடுத்திருக்கேன். திரும்ப முளைச்சிடும்."

"உனக்கு முளைக்கும் தாயே" என்றாள் செம்பி. இந்தச் சனங்களோடு மல்லுக்கட்டுவதற்குப் பாறையில் முட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது அவளுக்கு. ஓட்டன் பல்லைக் காட்டிக்கொண்டு கிட்டே வந்தான். அவள் விருட்டென்று வெளியே போய், வாசல் கல்லின் மேல் வெயிலில் உட்கார்ந்தாள்.

"இப்ப வால் எங்க இருக்கு?"

"வெளியில" என்று பல்லி ஒப்புக்கொண்டது.

"அப்ப வீட்டுக்குள்ள இருக்கறதை அவரு தாராளமா எடுத்துக்கட்டும்."

ஓட்டன் காலி வீட்டுக்குள் உட்கார்ந்து காத்திருந்தான். எப்படியும் உள்ளே வந்துதானே ஆகவேண்டும் என்பது அவன் எண்ணம். செம்பி அசையவில்லை. கல்லின் சூடு உடம்பில் ஏற ஏற, வாலில் இருந்தது மெல்லக் கரைந்து பாலாகச் சுரந்தது. குட்டிகள் மறுபடி உறிஞ்சத் தொடங்கின. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பொழுது சாயும்போது ஓட்டன் வெளியே வந்தான்.

"இப்படி வெட்டவெளியில உட்கார்ந்திருந்தா பருந்து தூக்கிட்டுப் போயிடும் அண்ணி. உள்ள வாங்க."

"பருந்து ஒரு தடவைதான் வரும் தம்பி."

ஓட்டன் சரிவில் இறங்கிப் போனான். பாடவில்லை.

அன்று முதல்தான் பாறைப் பையெலி பருத்த வாலும் தானுமாகத் தனியே வாழ்கிறது. தலைக்கு மேல் பருந்து வட்டமிட்டாலும், வாசலில் வந்து வெயில் காய்கிறது.