மீனைக் கேட்டு வாங்கிய ரீல்

ஊசிக்குளம் என்று ஒரு ஊர். அங்கே குளம் மட்டும் பெரிது. மற்றதெல்லாம் அளவோடுதான் இருந்தது, புத்தி உட்பட.

அந்த ஊர்க் கொம்பையாவின் மனைவி செந்தூர்க்கனி கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. எல்லாம் கெண்டை மீனால் வந்த வினை. "இன்னைக்குப் பெரிய கட்லாக் கெண்டை கொண்டாறேன், மசாலா அரைச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போவான். சாயங்காலம் வெறும் தூக்குச்சட்டியோடு திரும்பி வருவான். மூன்று முறை அரைத்த மசாலா வீணாகப் போனது. நாலாவது முறை கனி அம்மியைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அழைத்து வரப் போனவனை மாமனார் வன்னியப்பெருமாள் முற்றத்திலேயே நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள, ஒரு முழத்துக்குக் குறையாம, தூண்டில்ல மாட்டுனது ஒண்ணு இந்த முத்தத்துல வந்து விழணும். விழுந்தா பிள்ளைய அனுப்புதேன். இல்லன்னா குளம் வத்துற வரைக்கும் அவ இங்கதான்."

ஊசிக்குளம் கடைசியாக வற்றியபோது கொம்பையா அரைக்கால் சட்டை போட்டிருந்தான். அவனுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பதினோரு நாளாகப் பழைய சோறும் கடைக் காராச்சேவுமாக ஓடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் திட்ட ஆளில்லாமல் அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

அவனுடைய கூட்டாளிகள் ஆவுடையப்பன், நம்பிராஜன், தளவாய் மூன்று பேரும் கூடி யோசித்தார்கள். அவர்களில் ஆவுடையப்பன் எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். அதனால் மற்றவர்களைவிட மூன்று மடங்கு படித்தவன் என்று ஊரில் பெயர்.

"அந்தக் கட்லா மூங்கில் கம்புக்கெல்லாம் அடங்காது. ரீல் வச்ச தூண்டில்தான் வேணும்" என்றான் ஆவுடையப்பன்.

சனிக்கிழமை நால்வரும் டவுனில் பிலவேந்திரன் அண்ணாச்சியின் தூண்டில் கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி ஒரு மஞ்சள் ரீலையும் ஒரு கறுப்பு ரீலையும் கம்போடு எடுத்து வைத்தார்.

"நல்ல ரீலுன்னா கையில வச்சா கனமே தெரியக் கூடாது" என்றார்.

நம்பிராஜன் தூக்கிப் பார்த்தான். கனம் தெரிந்தது. ஆவுடையப்பனுக்கும் தெரிந்தது. கடைசியில் இரண்டையும் தளவாயின் கையில் கொடுத்துவிட்டு மற்ற மூவரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"இப்பம் கனமே தெரியல" என்றான் நம்பிராஜன்.

"எனக்கும் தெரியல" என்றான் கொம்பையா. தூண்டிலைத் தளவாய்தான் பிடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அண்ணாச்சி தண்ணீர் குடித்துவிட்டு ரீலின் தலையில் இருந்த திருகைக் காட்டினார். "இத இறுக்குனா நூல் போவாது. தளத்துனா போயிக்கிட்டே இருக்கும். அளவா வச்சுக்கிடணும். மீன் மாட்டுன உடனே இழுக்கப்பிடாது. அது போற வழிக்கு ஓட விடணும். களைச்சுப் படுக்கும், அப்பம் மெதுவாச் சுத்தணும். என்ன ஆனாலும் கம்பைக் கைய விட்டுரக் கூடாது."

"அதெல்லாம் சரி அண்ணாச்சி. ரெண்டுல எது நல்லது?"

இதை அவர்கள் பதினேழாவது முறையாகக் கேட்டார்கள். அண்ணாச்சிக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

"அத மீனுதாம்யா சொல்லணும்! ரெண்டையும் கொண்டு போங்க. போட்டுப் பாத்துட்டு, நல்லத வச்சுக்கிட்டு, மத்தத திங்கக்கிழம கொண்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தங்கரையில் ஆலோசனை நடந்தது. மீன்தான் சொல்ல வேண்டும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். ஆனால் மீனைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் மீனைப் பிடிக்க வேண்டும். பிடிக்க நல்ல ரீல் வேண்டும். நல்ல ரீல் எதுவென்று மீனைக் கேட்க வேண்டும். இந்த இடத்தில் நாலு பேருக்கும் தலை சுற்றிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நம்மள்ல ஒருத்தன் மீனா இருந்தாப் போச்சு" என்றான் ஆவுடையப்பன். "யாருக்கு நீச்சல் தெரியும்?"

நீச்சல் தெரிந்தவன் கொம்பையா ஒருவன்தான். மீனாக இருப்பது லேசான காரியமில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கனிக்காக எதுவும் செய்யலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். மஞ்சள் ரீலின் நூலை அவனுடைய அரைஞாண் கயிற்றில் கட்டினார்கள்.

அடுத்து, திருகை அளவாக வைக்க வேண்டும். அளவு எது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஒண்ண முழுசா இறுக்கு. இன்னொண்ண முழுசாத் தளத்து. ரெண்டையும் சேத்துப் பாத்தா அளவாப் போயிரும்" என்றான் ஆவுடையப்பன். மூன்று மடங்கு படிப்பு சும்மா போகுமா?

மஞ்சள் ரீலை இறுக்கினார்கள். கொம்பையா ஒரு பாய்ச்சல் பாய்ந்தான். நூல் பட்டென்று அறுந்தது. மீன் தப்பித்துவிட்டது.

"ஏ கொம்பையா, ரீல் எப்படிலே இருந்துச்சு?" என்று கரையிலிருந்து கத்தினார்கள்.

கொம்பையா வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"மீனுகிட்ட பேச்சுக் கொடுக்காதல. தண்ணிக்குள்ள அது எப்படிப் பேசும்? வெளிய வந்த பொறவு கேட்டுக்கிடலாம்" என்றான் தளவாய்.

ஆனால் கொம்பையா வெளியே வரவில்லை. தப்பித்த மீன் பிடித்தவனிடமே திரும்பி வராது என்பது அவன் எண்ணம். ஆகாயத்தாமரைக்குள் போய் ஒளிந்துகொண்டான். ஒரு மணி நேரம் கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் தளவாய் தன் வீட்டிலிருந்து கட்டி வந்த பருப்பு வடையைக் கறுப்பு ரீலின் நூலில் கட்டி வீசினான்.

வடை கொம்பையாவின் மூக்குக்கு முன்னால் வந்து விழுந்தது. அது தூண்டில் இரை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பதினோரு நாளுக்கு மேல் ஆயிற்றே! பாவம், கெண்டைகளும் இப்படித்தான் ஏமாறுகின்றன போலும் என்று நினைத்துக்கொண்டே கவ்வினான். தின்று முடித்ததும், நேர்மையான மீன் என்பதால், நூலை அவனே இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"மாட்டிக்கிட்டான்! ஓட விடு, ஓட விடு!"

மீன் போகிற வழிக்கு ஓட வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். தனக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கொம்பையா யோசித்தான். மனசு முழுக்க ஒரே பக்கம்தான் இருந்தது. கரையேறி, கரைப் பாதையைப் பிடித்து, மாமனார் ஊரைப் பார்த்து ஓடினான். கறுப்பு ரீல் கிறுகிறுவென்று சுற்றியது. இருநூறு மீட்டர் நூலும் தீர்ந்தபோது கம்பைக் கைய விடக் கூடாதே என்று மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். எதிரே வந்த ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன.

வன்னியப்பெருமாள் சோற்றில் கை வைக்கப் போகும் நேரம் முற்றத்தில் தொப்பென்று ஏதோ விழுந்தது. வெளியே வந்தார். ஈரம் சொட்டச் சொட்ட மாப்பிள்ளை படுத்துக் கிடந்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான். இடுப்பிலிருந்து ஒரு நூல் தெருவைத் தாண்டிப் போயிற்று. அந்த நூலைச் சுற்றிக்கொண்டே மூன்று பேர் மெதுவாக வந்து சேர்ந்தார்கள்.

"மீனு எங்கவே?" என்றார் பெரியவர்.

"இந்தா கிடக்குல்லா" என்றான் ஆவுடையப்பன். "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வந்துட்டு. தூண்டில்ல மாட்டுனதுதான். முழம் போட்டுப் பாத்துக்கிடுங்க."

வன்னியப்பெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கனி வெளியே வந்துவிட்டாள். அவளுக்கும் இத்தனை நாள் திட்ட ஆள் கிடைக்கவில்லை. புருஷனின் பல்லிடுக்கில் இருந்த பருப்பைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குனிந்து, தலையிலிருந்து கால் வரை முழம் போட்டாள்.

"மூணே முக்கால் முழம் இருக்கு, அப்பா. நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் நடந்திருக்கு. கொழம்பு வைக்க ஆவாது, அம்புட்டுத்தான்" என்றாள். போய்ப் பையை எடுத்து வந்தாள். கொம்பையா வழியெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டே சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்தான்.

திங்கட்கிழமை நால்வரும் கடைக்குப் போனார்கள். மஞ்சள் ரீலையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

"கறுப்புலதான் மாட்டுச்சுன்னு சொல்லுதிய. நூல் அறுந்தத எதுக்கு வச்சுக்கிடுதிய?" என்றார் அண்ணாச்சி.

"நீங்கதான மீனக் கேக்கச் சொன்னிய? கேட்டாச்சு" என்றான் ஆவுடையப்பன். "சொல்லுலே."

"மஞ்சளுதான் அண்ணாச்சி ரொம்ப சௌகரியம்" என்றான் கொம்பையா. "ஒரே பாய்ச்சல், தப்பிச்சுட்டேன். கறுப்புல ரெண்டு மைல் ஓட வேண்டியதாப் போச்சு."

அண்ணாச்சி கையை நீட்டினார். "சரி, கறுப்பக் கொடுங்க" என்றார்.

"அதையும் கொடுக்க மாட்டோம். அத எங்க வீட்ல கனி வச்சுக்கிட்டா" என்றான் கொம்பையா.

இப்போதெல்லாம் கொம்பையா தினமும் மஞ்சள் ரீலோடு குளத்துக்குப் போகிறான். தினமும் நூல் அறுகிறது. நால்வரும் ரீலை மெச்சிக்கொள்கிறார்கள். கறுப்பு ரீல் கனியின் சமையலறையில் ஆணியில் மாட்டியிருக்கிறது. அதன் நூல் சன்னல் வழியாகப் போய், கரையில் உட்கார்ந்திருக்கும் கொம்பையாவின் அரைஞாண் கயிற்றில் முடிகிறது. சோறு வெந்ததும் கனி கூப்பிடுவதில்லை, கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றுகிறாள். கொம்பையா "மாட்டிக்கிட்டேம்ல" என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு எழுந்து, மரியாதைக்கு இரண்டடி குளத்துப் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து திறந்து மூடியபடி வீட்டுக்குப் போகிறான்.