பெயர், வகுப்பு, பிரிவு

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் வந்தது. இரும்புக் கம்பியால் கேட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை யாரோ மெல்ல உரசிக்கொண்டு போவது போல. நின்றது. பிறகு அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு.

ஆக்னஸ் அதைத் தன் வீட்டில் கேட்கவில்லை. போனில் கேட்டாள். அவளுடைய மாணவி இசக்கியம்மாள் போனை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள்.

"கேக்குதா மேடம்?"

"கேக்குது."

"நாய்தான் பிராண்டுதுங்குது எங்கம்மா. நாய் இப்படிச் செய்யுமா மேடம்?"

ஆக்னஸ் போனை வைத்தாள். மடியில் கிடந்த கைப்பிள்ளையைக் கணவன் ஜெரால்டிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தும்பையைப் பார்க்கப் போனாள்.

தும்பை என்பது அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் இல்லை. இணையத்தில் ஊரே கூடி எழுதும் கலைக்களஞ்சியத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். அங்கே அவர் நிர்வாகி. புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஆசிரியர். ஆக்னஸ் அவரிடம் கற்றுக்கொண்டாள். கற்றதைப் பல்கலைக்கழகத்தில் தன் தமிழ் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவரவர் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதுவதுதான் இந்தப் பருவத்துப் பயிற்சி.

மாடிப்படி ஏறியவள் மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அக்கா, ஒரு வரிய எடுத்துத் தரணும்."

"உக்காரு. எந்த வரி?"

"எங்க வகுப்புப் பிள்ள ஒண்ணு, அவ ஊர்க் குளத்தைப் பத்தி எழுதியிருக்கு. கீழ்க்கரையை இடிச்சுத்தான் கல்யாண மண்டபம் கட்டியிருக்காங்கன்னு."

"பொய்யா?"

"இல்ல. கோர்ட் தீர்ப்பு இருக்கு. பேப்பர்லயும் வந்தது. ரெண்டையும் சான்றா குடுத்திருக்கா."

"அப்புறம் ஏன் எடுக்கணும்?"

"மண்டபத்து ஆளு ஒருத்தன் வரிய அழிச்சான். இவ திரும்பச் சேர்த்தா. மறுபடியும் அழிச்சான். மறுபடியும் சேர்த்தா."

"நல்ல பிள்ள."

"நான் சொல்லிக்குடுத்ததுதான். யாராவது அழிச்சா கோவப்படாதே, சான்றைக் காட்டித் திரும்பச் சேருன்னு. நீங்க எனக்குச் சொன்னதுதான்."

"சரி."

"நேத்து பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் பக்கத்துல வந்து நின்னிருக்கான். 'தமிழ் ரெண்டாமாண்டா பாப்பா? அப்பா இல்லாத பிள்ளைக்குக் குளத்துல என்ன சோலி'ன்னு கேட்டிருக்கான். இன்னைக்குக் கேட்டுல கம்பிய உரசுறாங்க. வீட்டுல அவளும் அவ அம்மாவும்தான்."

"போலீஸ்?"

"போனோம். டீ வாங்கிக் குடுத்தாங்க. அந்த வரிய எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுதுல்ல டீச்சர்னாங்க."

தும்பை கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அந்தக் கட்டுரையின் வரலாற்றைத் திறந்தார். எந்த வரியை யார் எழுதினார், யார் அழித்தார் என்பதெல்லாம் அங்கே நிற்கும்.

"யாரு எழுதினதுன்னு வாசி."

"இசக்கியம்மாள் தமிழ் இரண்டாமாண்டு."

"எந்தப் பிள்ளையாவது தனக்குத்தானே இப்படி ஒரு பேரு வெச்சுக்குமா?"

"நான்தான் வெக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"மார்க் போட வசதியா இருக்கும்னு."

ஆக்னஸ் படித்த கான்வென்ட்டில் நோட்டு அட்டையில் பெயர், வகுப்பு, பிரிவு மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சிஸ்டர் அந்த நோட்டைத் திருத்த மாட்டார். ஆக்னஸின் நோட்டு ஒருநாளும் திருத்தப்படாமல் திரும்பி வந்ததில்லை.

தும்பை அந்தப் பெயரை அழுத்தினார். இசக்கியம்மாளின் அறிமுகப் பக்கம் திறந்தது. ஊர். தெரு. அம்மன் கோவிலுக்குப் பின்னால் நீலக் கேட் போட்ட வீடு. அப்பா தவறிவிட்டார். அம்மா பீடி சுற்றுகிறார். கீழே, சிரித்துக்கொண்டு ஒரு படம்.

"இது?"

"முதல் பயிற்சி. உங்களைப் பத்தி எழுதுங்கன்னேன். இவதான் நல்லா எழுதியிருந்தா. வகுப்புல வாசிச்சுக் காட்டினேன்."

"மத்த பிள்ளைங்க?"

"எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கு."

"தெருவோட?"

"தெருவோட."

தும்பை நாற்காலியைத் திருப்பி ஆக்னஸைப் பார்த்தார்.

"உனக்கு அங்க என்ன பேரு?"

ஆக்னஸ் தரையைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல."

"வைகறை."

"ஆக்னஸுக்கு என்ன வந்துச்சு?"

"வீட்டுல கைப்பிள்ள இருக்குக்கா. பயமா இருந்துச்சு."

"ம்."

தும்பை அந்த வகுப்பின் அறிமுகப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மறைக்கத் தொடங்கினார். ஒரு முகம் வரும். சிரிக்கும். போகும். அடுத்த முகம் வரும். ஆக்னஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் தண்ணீர் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

கடைசிப் பக்கமும் போனது.

"இனி யாரும் பார்க்க முடியாதுல்லக்கா?"

"இனி வர்றவன் பார்க்க மாட்டான். ஏற்கெனவே பார்த்தவன் கண்ணுல இருந்து அழிக்க எங்கிட்ட பொத்தான் இல்ல."

மண்டபத்து ஆள் குளத்து வரியை மறுபடியும் அழித்திருந்தான். தும்பை அதே வரியை, அதே சான்றுகளோடு, தன் பெயரில் திரும்பச் சேர்த்தார்.

"இனி உங்களையில்ல தேடுவாங்க?"

"தேடட்டும். தும்பை எந்த வேலியோரத்துலதான் இல்ல?"

"உங்க நெஜப் பேரு என்னக்கா?"

"இவ்வளவுக்கு அப்புறமும் கேக்குற பாரு."

ஆக்னஸின் கண் நிறைந்துவிட்டது. துடைக்காமலே கேட்டாள்.

"நான் என்னக்கா செய்யணும்? அந்தப் பிள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டுரவா? இந்தப் பயிற்சியே வேண்டாம்னு எழுதிக் குடுத்துரவா?"

"அவ வீடு எங்க இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எழுதச் சொன்னேன்."

"உன் வீடு எங்க இருக்குன்னு எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் இல்ல."

தும்பை எழுந்து போய் மாடிப்படி விளக்கைப் போட்டார்.

ஆக்னஸ் இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். போனை எடுத்தாள்.

"இசக்கி, உங்க வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா?"

"இருக்கு மேடம். வாய்க்கா பக்கம்."

"ரெண்டு துணி எடுத்துக்க. அம்மாவைக் கெளப்பு. லைட்ட அணைக்காதீங்க, எரியட்டும். நான் ஆட்டோல வர்றேன்."

வாய்க்கால் பக்கம் தாயும் மகளும் ஆட்டோவில் ஏறினார்கள். இசக்கியம்மாளின் அம்மா பீடித் தட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"சொந்தக்காரங்களாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வண்டிய எடுங்க" என்றாள் ஆக்னஸ். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜெரால்டு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையை நிலையில் ஊன்றி வாசலிலேயே நின்றிருந்தான். முதலில் பையைப் பார்த்தான். பிறகு இசக்கியம்மாளின் முகத்தை.

"யாரு தேடுறாங்க இவங்கள?"

"சொல்றேன்."

"ஆக்னஸ், இவன் இப்பத்தான் தூங்கினான்."

"தெரியும்."

அவன் நகரவில்லை. இசக்கியம்மாளின் அம்மா படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார்.

"கைப்பிள்ள இருக்கிற வீடு டீச்சரம்மா. எங்களுக்கு வேண்டாம். நாங்க பஸ் ஸ்டாண்டுல கிடந்துக்கிடுதோம்."

ஆக்னஸ் அவர் கையிலிருந்த பீடித் தட்டை வாங்கினாள். ஜெரால்டின் முழங்கைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தாள். தட்டைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரும்பி வந்து இசக்கியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஜெரால்டு வழி விட்டான்.

மழையில் ஊதியிருந்த கதவு நிலையில் சரியாக உட்காரவில்லை. ஆக்னஸ் இழுத்துப் பார்த்தாள். உதைத்தும் பார்த்தாள். ஜெரால்டு பிள்ளையை இசக்கியம்மாளின் கையில் கொடுத்துவிட்டு வந்து, தோளைக் கொடுத்துக் கதவை அழுத்தினான்.

ஆக்னஸ் தாழ்ப்பாளைப் போட்டாள்.