அந்தி வராத தீவில் வெண்ணி

கிட்ட வந்து உட்காருங்க. பெரியவங்களும்தான். தூணில் சாய்ந்துகொண்டு கேட்டால் பாதிக் கதை தூணுக்குத்தான் போகும். வந்தாச்சா? சரி.

நம்ம கரையிலிருந்து மிளகு ஏற்றிய கப்பல்கள் யவனர் கடல்வரை போய்வந்த காலம் ஒன்று இருந்தது. அந்த யவனர் துறைமுகம் ஒன்றில் மாசாத்தன் என்ற கயிற்று வியாபாரி குடியிருந்தான். மனைவி கோதை. மகள் வெண்ணி, கேள்வி கேட்டே ஊரைக் காலி பண்ணுகிற பெண். மகன் குட்டன், அப்போதுதான் நடக்கப் பழகி, நடப்பதை விட்டு ஓடவே செய்கிற பயல். இவர்களோடு மாசாத்தனின் அக்கா பெருந்தேவி. அத்தைக்கு உலகத்தில் பெரிய விஷயம் ஒன்றே ஒன்று: மரியாதை.

ஒருநாள் துறைமுகத்துக்கு விடுமுறை. "எதிரே தெரியுதே வெள்ளைத் தீவு, காலையில் போய் அந்திக்குள் திரும்பிடலாம்" என்றான் மாசாத்தன். கோதை புளிச்சோறு கட்டினாள். எல்லாரும் படகேறினார்கள்.

அடடா, என்ன தீவு! பச்சைக் கண்ணாடி மாதிரி கடல். பாறைக்குப் பாறை அத்திமரம். பொன்னை உருக்கி ஊற்றினாற்போல வெயில். கரையெல்லாம் வெள்ளைக் கல் சிலைகள், உட்கார்ந்தபடி, சிரித்தபடி. படித்துறையில் தங்கத் தாடியோடு ஒருவன் கைகூப்பி நின்றான். அவன் பெயர் உச்சிவெயிலான்.

"வாங்க வாங்க! கட்டுச்சோறா? என் வீட்டு வாசலிலா? அதை மீனுக்குப் போடுங்க. இலை போட்டாச்சு, உட்காருங்க!"

திராட்சை இலைகளை ஈர்க்கால் தைத்துத் தையல் இலை போட்டிருந்தான். பால்கட்டி, தேனில் ஊறிய அத்தி, சுட்ட மீன், சூடான ரொட்டி. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவனே பரிமாறினான்.

நடுவில் குட்டன் எழுந்து ஓடினான். வெண்ணி பாதி இலையில் எழுந்து துரத்தினாள்.

"பந்தியில் பாதியில் எழுந்திருக்கிறாளே! வந்த இடத்தில் மரியாதையா இருடி!" என்றாள் அத்தை.

மற்ற மூவரும் வயிறாரச் சாப்பிட்டு, இலையைத் தங்கள் பக்கமாக மடித்தார்கள். நம்ம வழக்கம் தெரியுமே? தன் பக்கம் மடித்தால், 'நிறைந்தது, இந்த வீட்டு உறவு தொடரட்டும்' என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்பது சாவு வீட்டில் மட்டும். 'இந்த வீட்டில் இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம்' என்று.

இலைகள் மடிந்தன. உச்சிக்கு வந்த சூரியன் திருட்டுப் பூனைபோலப் பின்வாங்கிக் கிழக்கே போய் உட்கார்ந்தது!

குட்டனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த வெண்ணி திகைத்து நின்றாள். அவளுக்கு நிழல் இருந்தது. குட்டனுக்கு நிழல் இருந்தது. அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு இல்லை, அத்தைக்கும் இல்லை.

"அடடா, என்ன தீவு! இப்பத்தான் வந்து இறங்கினோம், அதுக்குள்ள பசிக்குதே" என்றான் மாசாத்தன்.

"அப்பா, இப்பத்தானே சாப்பிட்டீங்க!"

"வெயில்ல பிள்ளைக்குத் தலை சுத்துது" என்றாள் கோதை.

உச்சிவெயிலான் சிரித்தான். "இலை போட்டாச்சு, உட்காருங்க!"

"வேண்டாம் அத்தை, உட்காராதீங்க!"

"கூப்பிட்டவர் முகத்துக்கு நேரே வேண்டாம்னு சொல்றதா? வந்த இடத்தில் மரியாதையா இருடி!"

வெண்ணி உட்காரவில்லை. குட்டனைத் தூக்கிக்கொண்டு சிலைகளிடம் ஓடினாள். ஒரு சிலை கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துகிறது. ஒரு சிலை நெஞ்சில் கைவைத்துத் தலை குனிகிறது. ஒரு சிலை ரொட்டியின் கடைசித் துண்டைத் தட்டிலேயே விட்டு வைக்கிறது. எல்லாம் விருந்து முடிவில் அவரவர் ஊர் செய்கிற மரியாதை. கடைசியில் ஒரு சிலை: காதில் கடுக்கன், தோளில் துண்டு, நம்ம ஊர் மிளகு வியாபாரி. அவன் கை தன் இலையைத் தன் பக்கமாக மடித்தபடியே கல்லாகியிருந்தது.

வெண்ணிக்குச் சுரீர் என்றது. கயிற்று வியாபாரி மகள் அல்லவா? வந்தவர்களின் மரியாதையை நாராக்கித்தான் உச்சிவெயிலான் கயிறு திரிக்கிறான் என்று புரிந்துவிட்டது. ஓடி வந்தாள். அதற்குள் மூன்று இலையும் மடிந்துவிட்டன. சூரியன் மறுபடி கிழக்கே போய்விட்டது.

"அப்பா, வீட்டுக்குப் போகலாம், வாங்க!"

"வீடா? எந்த வீடு?" என்று சிரித்தான் மாசாத்தன்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வெண்ணிக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அழுதால் நேரம் போகும் பாருங்க.

முதல் இலை நிழலைத் தின்றது. இரண்டாம் இலை வீட்டைத் தின்றது. மூன்றாம் இலை எதைத் தின்னும் என்று சிலைகளே சொல்லிவிட்டன.

மூன்றாம் முறை இலை போட்டு மூவரையும் உட்கார வைத்தபோது உச்சிவெயிலான் விழித்துக்கொண்டான். குட்டனைத் தூக்கித் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டான். "பெண்ணே, உன் இலைதான் காலியாகவே இல்லை. இப்போது நீயும் சாப்பிடணும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்."

"போடுங்க" என்றாள் வெண்ணி. சம்மணமிட்டு உட்கார்ந்து, மீன், பால்கட்டி, தேனில் ஊறிய அத்தி என ஒன்று விடாமல் சாப்பிட்டாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"நல்ல பிள்ளை. இலையை மடி."

வெண்ணி இலையின் விளிம்பைப் பிடித்தாள். எதிர்ப்பக்கமாகத் தள்ளி, அவனை நோக்கி, பட்டென்று மடித்தாள்.

தீவு குலுங்கியது. உச்சியில் நின்ற சூரியன் மேற்கே ஒரு முழம் சறுக்கியது.

"அபசகுனம்!" என்று அலறினாள் அத்தை.

"அப்பா, அம்மா, உங்க கால் விரலைப் பாருங்க!"

பார்த்தார்கள். விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்துக் கொண்டிருந்தன. கோதை மகளைப் பார்த்தாள். நினைவு போனாலும் பெற்ற வயிறு அல்லவா? எதிர்ப்பக்கம் மடித்தாள். அவளைப் பார்த்து மாசாத்தனும் மடித்தான். சூரியன் இன்னும் சறுக்கியது.

"இன்னும் ஒரு இலை இருக்கு!" என்று கத்தினான் உச்சிவெயிலான். "ஒரே ஒரு இலை உங்கள் பக்கம் மடிந்தால் போதும், எல்லாரும் என்னவர்கள். அம்மா, நீங்கள் பெரிய மனுஷி. விருந்து போட்டவனை அவமதிப்பீர்களா?"

அத்தை இலையின் விளிம்பைத் தன் பக்கமாகப் பிடித்தாள். "தப்புடி வெண்ணி. உப்பிட்ட வீடு. இது என்ன சாவு வீடா?"

"சாவு வீடுதான் அத்தை! சுத்திப் பாருங்க. எத்தனை பேரை உட்கார்த்தி வைத்துக் கொன்னிருக்கான். ஒருத்தருக்காவது ஒப்பாரி வைக்க ஆள் உண்டா? மரியாதை வேணும்னா இவங்களுக்குக் கொடுங்க. இவனுக்கு எதுக்கு?"

அத்தை சுற்றிப் பார்த்தாள். மிளகு வியாபாரியின் கல் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உச்சிவெயிலானைப் பார்த்து, "பரிமாறத் தெரிஞ்சா போதுமாடா, படுபாவி!" என்று சொல்லி இலையை எதிர்ப்பக்கம் மடித்து, மேலே ஒரு குத்தும் வைத்தாள்.

அவ்வளவுதான். சூரியன் கடகடவென்று உருண்டு கடலைத் தொட்டது. அந்தத் தீவு மறந்தே போயிருந்த அந்தி வந்தது. அத்திமரங்களின் நிழல் நீண்டு வந்து சிலைகளைத் தடவியது. தொட்ட சிலையெல்லாம் தும்மி எழுந்தது! கிண்ணம் உயர்த்தியவன் கிண்ணத்தை வீசினான். மிளகு வியாபாரி சோம்பல் முறித்து, "தாயே, என் வீட்டில் விளக்கு வெச்சிருப்பாங்களே" என்று அழுதான். மாசாத்தன் குட்டனைப் பிடுங்கித் தோளில் போட்டான். "நம்ம வீடு! பாய்மரத் தெருவில் நீலக் கதவு!" என்று கூவினான். காலடியில் அவரவர் நிழல் வந்து ஒட்டிக்கொண்டது.

மீண்டவர்கள் எல்லாம் கப்பல்காரர்கள். அதன் பிறகு அவர்கள் பாய்மரங்களில் மாசாத்தன் கயிற்றைத் தவிர வேறு கயிறு ஏறியதில்லை. வெண்ணி பெயரைப் பல பாஷைகளில் தப்புத் தப்பாகச் சொல்லி வாழ்த்தினார்கள்.

அது பிறகு. இப்போது எல்லாரும் படித்துறைக்கு ஓடினார்கள், அவரவர் வந்த படகுகளில் ஏறினார்கள். பின்னாலேயே ஓடி வந்தான் உச்சிவெயிலான். தங்கத் தாடி நரைத்துவிட்டது. கையில் ஒரு செம்பு.

"ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள்! தண்ணீரை வேண்டாம் என்பவர்கள் உண்டா?"

ஓடி வந்த தாகம். படகில் எல்லாரும் எச்சில் விழுங்கினார்கள். கோதையின் கைகூடத் தன்னால் நீண்டது. அத்தை வெண்ணியைப் பார்த்தாள். இந்த முறை மரியாதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெண்ணி எட்டிச் செம்பை வாங்கினாள். படகின் விளிம்பில் குனிந்து, தேன் காய்ந்து ஒட்டியிருந்த வலது கையைக் கடலுக்குமேல் நீட்டி, விரல் விரலாகத் தேய்த்து, கடைசிச் சொட்டுவரை ஊற்றிக் கழுவினாள். காலிச் செம்பை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.