ராஜாளிக்கு ஒரு தூக்குவாளி

கரட்டு மடத்துச் சாமியாருக்கு வயது நாற்பது. அவருடைய சிஷ்யை சௌந்தரத்துக்கு ஐம்பத்திரண்டு. மடத்துச் சமையலும் அவள்தான். பழைய சாமியார் காலத்தில், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு வயதுப் பிள்ளை கதிரேசனை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்தப் பாறைக் கரட்டில் ஏறியவள். கதிரேசனுக்கு இப்போது இருபத்துநாலு. இன்னமும் அவன் குளிக்க வெந்நீர் விளாவி வைப்பது அவள்தான்.

ஒரு நாள் காலை, கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"சாமி, பெத்த பிள்ளையை எப்போ வெளியே விடணும்?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. கப்பல் வேலைக்குக் கதிரேசனைத் தூத்துக்குடிக்கு வரச்சொல்லி முந்தின நாள் கடுதாசி வந்திருந்தது. வருகிற ஐந்தாம் தேதிக்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவனுக்கு. தபால்காரர் அதை அவள் கையில்தான் கொடுத்தார். இப்போது அது அரிசிப் பானைக்குள் இருந்தது.

சாமியார் எழுந்து பாறை விளிம்புக்குக் கூட்டிப்போனார். கீழே, நாலு ஆள் ஆழத்தில் ஒரு திட்டு. அதில் சுள்ளிக் கூடு. கூட்டில் இரண்டு ராஜாளிக் குஞ்சுகள், இறக்கை முளைத்து, ஏறக்குறைய தாயளவுக்கு.

"இதுங்க ரெண்டும் பறந்ததும் வந்து கேளுங்க. சொல்றேன்."

சௌந்தரத்துக்கு அப்பாடா என்றிருந்தது. குஞ்சு பறக்கட்டும், அன்றைக்கே கடுதாசியைக் கொடுத்துவிடலாம்.

மறுநாளிலிருந்து தாய் கூட்டுக்கு இரை கொண்டுவரவில்லை. எதிர்ப்பாறையில் உட்கார்ந்து, முயலை நகத்தில் இடுக்கிக்கொண்டு, குஞ்சுகள் பார்க்கப் பார்க்கத் தானே தின்றது. அவை தொண்டை கிழியக் கத்தின.

"இதெல்லாம் ஒரு தாயா சாமி? கொலைகாரி!"

"குஞ்சுங்க கத்தறது அதுக்குக் காதுல விழலைன்னு நினைக்கறீங்களா?" என்றார் சாமியார்.

நாலாம் நாள் பெரிய குஞ்சு விளிம்பிலிருந்து விழுந்தது. விழுகிற வழியிலேயே இறக்கையை அடித்து, தட்டுத்தடுமாறி எழும்பி, எதிர்ப்பாறையில் போய் ஒட்டிக்கொண்டது. தாய் முயல்தொடையை அதன் பக்கம் தள்ளியது.

சின்னது மட்டும் கூட்டில் நின்று கத்தியது. சௌந்தரத்துக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஊருக்குள் இறங்கிக் கறிக்கடைக்குப் போனாள்.

"என்ன சௌந்தரக்கா, மடத்துல கிடாவெட்டா?"

"முதல்ல உன் நாக்கை வெட்டணும். குடல் கிடல் கிடந்தா கட்டுடா, பேசாம."

தூக்குவாளியில் போட்டு, கிணற்றுக் கயிற்றைக் கட்டித் திட்டுக்கு இறக்கினாள். குஞ்சு வாளிக்குள் தலையை விட்டுத் தின்றது. அன்றைக்குத்தான் அவளும் சாப்பிட்டாள்.

தினமும் நடந்தது. நாலைந்து நாளில் குஞ்சு எதிர்ப்பாறையைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. வாளி பாறையில் 'டங்'கென்று இடித்தால் போதும், வாயைப் பிளந்துகொண்டு ஓடிவந்தது. அதற்குப் பிறகு தாயும் அங்கே வருவதை நிறுத்திவிட்டது.

"அம்மா, எனக்குத் தபால் ஏதும் வந்துச்சா?" என்று கதிரேசன் கேட்டான்.

"வந்தா சொல்லமாட்டேனா? உக்காரு, தோசை ஆறுது."

மாதம் பிறந்தது. குஞ்சு கொழுத்தது. பறக்கத்தான் இல்லை. இன்னும் பறக்கவில்லையே, நான் என்ன செய்வேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சௌந்தரம் அரிசி அளந்தாள்.

ஒரு நாள் காலை நல்ல மழைக்காற்று. இறக்கிய வாளி திட்டை விட்டு விலகி ஊசலாடியது. குஞ்சு அதை எட்டிப் பிடிக்கத் தாவியது. இறக்கை விரிந்தது. அடிக்கவில்லை. கீழே பாறையில் மோதிய சத்தம் அவளுக்கு மேலேயே கேட்டது.

சுற்றுவழியாக இறங்கிப்போய், அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு மேலே வந்தாள். சாமியார் முன்னால் கிடத்தினாள்.

அவர் அதன் இரைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"வயிறு நிறைஞ்சிருக்கு."

"ஒரு நாள் தவறாம போட்டேன் சாமி."

"தெரியும். கிணத்துக் கயித்துல கறி வாடை."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே!"

"விட்டிருப்பீங்களா?"

சாமியார் குஞ்சின் விரிந்த இறக்கையை மெல்ல மடக்கி வைத்தார்.

"நேத்து தபால்காரர் வழியில நின்னு கேட்டார். கப்பல் வேலைக்குக் கடுதாசி வந்துச்சே, பையன் எப்போ கிளம்பினான்னு. எனக்கு ஒண்ணும் புரியலை."

சௌந்தரம் தலை நிமிரவில்லை.

"எந்தத் தேதிக்குள்ள போகணும்மா?"

குஞ்சைப் பார்த்தே சொன்னாள்.

"அஞ்சாம் தேதி."

"இன்னைக்கு?"

"எட்டு."

அடுக்களைப் பக்கமிருந்து கதிரேசனின் குரல் வந்தது.

"அம்மா! எங்கே போய்ட்டே? பசிக்குது!"

சௌந்தரம் சாமியாரின் முகத்தைப் பார்த்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் குழிவெட்ட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கூப்பிடறானே, போங்க. போய்ச் சோறு போடுங்க."