நோயாளியாகப் போன ஆட்டுக்கல்

கோணமொட்டை என்ற மலையூருக்கு ரோடு கிடையாது. தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். பெட்டி இறங்கிப் போன மறுநாளே அரசாங்கத்துக்கு ஊரின் பெயர் மறந்துவிடும். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், போர்வையை மூங்கிலில் தூளியாகக் கட்டி, ஆளை அதில் கிடத்தி, அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குத் தோளில் சுமந்து மலை இறங்குவார்கள். சிலர் உயிரோடு போய்ச் சேர்வதும் உண்டு.

தீர்த்தானின் மனைவி வெள்ளச்சிக்கு ஏழு மாதம். அவள் பிரசவத்துக்குள் ரோடு வேண்டும் என்று கேட்க, அடிவாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் முகாம் போட்டிருந்த அதிகாரியிடம் நடைப்பயணம் போவதென்று ஊர்ச் சங்கம் முடிவு செய்தது. அன்றைக்கென்று பார்த்துச் சங்கத் தலைவர் நல்லமுத்துவுக்குக் கால் வீங்கிவிட்டது. தலைவர்களின் கால்கள் நாள் பார்த்துத்தான் வீங்கும். அவர் தீர்த்தான், சடையன், குப்பாண்டி மூவரையும் கூப்பிட்டார்.

"ஒருத்தன் முந்தக் கூடாது, ஒருத்தன் பிந்தக் கூடாது. அதிகாரி சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது. தூளியையும் ஆளோட தூக்கிட்டுப் போங்க. நம்ம கஷ்டத்தை அந்தாளு கண்ணால பாக்கட்டும்."

தூளியில் படுக்க வெள்ளச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் வாசலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைய ஏன்யா தூக்குறீங்க? வேணும்னா இந்த ஆட்டுக்கல்லைத் தூக்கிட்டுப் போங்க."

மூவரும் கல்லைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"கனம் சரியா இருக்குமா?" என்றான் சடையன்.

"கிட்டத்தட்ட இவ கனம்தான்," என்றான் தீர்த்தான்.

"அப்ப குழவியையும் உள்ள வைக்கணும். ஏழு மாசம்ல," என்றான் குப்பாண்டி.

அவள் மாவை வழித்து உள்ளே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கல் கிளம்பிவிட்டது.

ஊர் எல்லையிலேயே முதல் தகராறு.

"சடையா, நீ முன்னால போறே," என்றான் தீர்த்தான்.

"தூளின்னா ஒருத்தன் முன்னால, ஒருத்தன் பின்னாலதானே மாமா?"

"முந்தக் கூடாதுன்னு தலைவர் சொன்னாரா இல்லையா?"

மூங்கிலைப் பாதைக்குக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தார்கள். பாதையோ ஆடு போகிற அகலம். தீர்த்தான் முள்ளுக்குள் நடந்தான். சடையன் பள்ளத்து விளிம்பில் கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தான். குப்பாண்டி கல்லை ஒட்டியே நகர்ந்து, நோயாளிக்கு வெயில் ஆகாது என்று துண்டை விரித்துப் பிடித்தான். பாதையில் சௌகரியமாகப் போனது ஆட்டுக்கல் மட்டும்தான்.

பாதி மலை இறங்கியதும் கால்கள் மறுத்துவிட்டன.

"உட்காரலாமா?"

"கூடாது."

"படுக்கலாமா?"

"அதைப் பத்தித் தலைவர் ஒண்ணும் சொல்லலையே."

"படுக்கணும்னா முதல்ல உட்காரணுமேடா," என்றான் தீர்த்தான்.

வெகுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் கல்லை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, வெட்டிய மரம்போல விறைப்பாக மல்லாந்து விழுந்தார்கள். நன்றாகத் தூங்கினார்கள். எழும்போதும் உட்காரக் கூடாதே என்று சரிவில் உருண்டுபோய், மரத்தில் முட்டி, அதைப் பிடித்து நிமிர்ந்தார்கள்.

"இது சுலபமா இருக்கே. கல்லையும் உருட்டிடலாமா?" என்றான் சடையன்.

"புள்ளத்தாச்சியை உருட்டுவியாடா?" என்றான் தீர்த்தான். சடையன் தலைகுனிந்து, கல்லை எடுக்க மறுபடி மேலே ஏறினான்.

முகாம் வராந்தாவில் அதிகாரி தூளியை எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"நோயாளிங்கய்யா."

"இதைத் தூக்கிக்கிட்டு எப்படி வந்தீங்க?"

"நடந்துதாங்கய்யா."

அதிகாரி படித்தவர். "கல்லையே தூக்கிட்டு வர முடியுதுன்னா வழி நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ரோடு எதுக்கு?" என்றார். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "களைச்சுப் போயிருக்கீங்க, உட்காருங்க," என்றார்.

அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இவர்களுக்கோ நிற்கத் தெம்பில்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, விறைப்பாக மல்லாந்து விழுந்தார்கள்.

"ஐயா, மூணு பேரும் போயிட்டாங்க," என்றார் பியூன். முகாமைப் படம் பிடிக்க வந்து வாசலில் நின்ற பத்திரிகைக்காரர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். அதிகாரிக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"சரி, ரோடு போட்டுத் தரேன்யா. சத்தியமாப் போட்டுத் தரேன். எழுந்திருங்க."

மூவரும் கண் திறந்து, நிம்மதியாக எழுந்து உட்கார்ந்தார்கள். டீ வந்தது. எத்தனையோ மனுக்களுக்கு அசையாத அரசாங்கம், மூன்று பேர் விழுந்த சத்தத்துக்கு அசைந்தது.

இரவு அங்கேயே படுத்துவிட்டு, மறுநாள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். வாசலில் வெள்ளச்சி நின்றாள்.

"ரோடு?"

"தரேன்னுட்டாரு," என்றான் தீர்த்தான்.

"என் ஆட்டுக்கல்லு?"

"ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி வச்சுட்டோம். நோயாளியை அவ்வளவு தூரம் கொண்டுபோயிட்டுத் திருப்பியா தூக்கிட்டு வருவாங்க?"

வெள்ளச்சி இடுப்பில் கை வைத்தாள். "உன் அதிகாரி ரோடு போடுறதுக்குள்ள எனக்கு வலி வந்துட்டா என்னய்யா பண்ணுவே?"

தீர்த்தான் பெருமையாகச் சிரித்தான்.

"அதுக்குத்தான் உன் கனத்தை முன்னாடியே கொண்டுபோய் வச்சாச்சே. இனி நீ மட்டும் வந்தாப் போதும்."